மூடப்பட்டது

பாய்லர் செத்துப்போன பிப்ரவரியில்
பிராசரின் வரலாற்று வகுப்பும் என் மொழி வகுப்பும்
ஒரே அறைக்குள் திணிக்கப்பட்டன.
(திணித்தவர் தலைமையாசிரியர். எழுவாயைச் சொல்லிவிடுவது நல்லது.)
இருபத்தாறு நாற்காலிகள், நாற்பத்தொன்பது பிள்ளைகள்.
ஜன்னல் திட்டில் வரிசையாக ஈர பூட்ஸ்.
வெளியே, பென்சில்வேனியாவின் கரிக்கழிவு மேடு
பனியைப் பூசிக்கொண்டு
மலை என்று நடித்துக்கொண்டிருந்தது.

முதல் வாரம் முழுக்கச் சண்டை.
அவருக்குத் தேதிகள் வேண்டும், எனக்குக் கால்புள்ளிகள்.
கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டோம்,
கிணற்றில் பாதி கேட்கும் பங்காளிகள் மாதிரி.

இரண்டாம் வாரம் ஒரு தாளோடு வந்தார்.
சுரங்கக் கம்பெனி பங்குதாரர்களுக்கு எழுதிய அறிக்கை.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு, இதே ஊர்.

"மூன்றாம் மட்டத்தில் புகை காணப்பட்டது.
கதவு மூடப்பட்டது.
பதினோரு உயிர்கள் இழக்கப்பட்டன.
திங்களன்று உற்பத்தி தொடரப்பட்டது."

அவர் 'பதினோரு'வின் கீழ்க் கோடிட்டார்.
நான் 'பட்டது'வின் கீழ்.

பட்டது, பட்டது, பட்டன, பட்டது.
பட்டவர்கள் பதினோரு பேர் இருக்கிறார்கள்,
படுத்தியவர் ஒருவர்கூட இல்லை.

"யார் மூடியது?" என்றேன், இலக்கணத்துக்காக.
"யார் மூடியது?" என்றாள் யாரிட்சா பெகேரோ, நிஜமாகவே.
அவள் குடும்பம் இங்கு வந்து ஆறு வருடம்,
அப்பாவுக்குக் கிடங்கில் இரவு ஷிப்டு.
இந்த மண்ணுக்கடியில் அவளுக்கு யாரும் இல்லை.
இருப்பவர்கள்
பேசாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒன்பது நாள்
சம்பளப் பேரேட்டின் நகல்களில் கிடந்தோம்.
குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான்:
ஒரே ஆள் மூன்று பக்கத்தில் மூன்று பெயர்.
எழுத்துப்பிழை என்று இத்தனை வருடம்
நான் சிவப்பில் வட்டமிட்டதெல்லாம்
கொஞ்சம் கூசியது.

டீகன் ரீஸ்தான் கண்டுபிடித்தாள். உரக்கப் படித்தாள்:
"கதவுப் பையன். பீட்டர் சபோல். வயது பன்னிரண்டு.
நாள் கூலி முப்பத்தைந்து சென்ட்."

நாற்பத்தெட்டு தலைகள் திரும்பின.
காசிமிர் சபோல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பீட்டர் கதவை மூடினான்.
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.
என் பாடத்தில் முழு மதிப்பெண்.
பிராசர் பாடத்தில் ஆதாரம் கையில்.
இருவருமே சாக்பீஸை எடுக்கவில்லை.

காசிமிர் எழுந்து வந்தான்.
நாங்கள் போட்ட கோட்டின் மேலேயே,
அவர் பாதியிலும் என் பாதியிலும் எழுத்து விழ,
எழுதினான்:
பீட்டரை மூட வைத்தார்கள்.

தன்வினை, பிறவினை.
பதினான்கு வருடம் நடத்தியிருக்கிறேன்,
ஒரு தடவையும் கை நடுங்கியதில்லை.

"'கள்' என்றால் யார் யார்?" பிராசர் விடவில்லை.
"எத்தனை பேர்? பெயர்?"
நான் அவரை முறைத்தேன்.
காசிமிருக்கு அந்தக் கேள்விதான் பிடித்திருந்தது.
"தெரியாது சார்," என்றான். பிறகு, சம்பந்தமில்லாததுபோல,
"எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது.
ஏனென்று யாருக்கும் தெரியாது."

கண்காணிப்பாளரின் நாட்குறிப்பு
கம்பெனியை வாங்கிய கம்பெனியை வாங்கியவர்களிடம்
பிலடெல்பியாவில் இருக்கிறதாம்.
கடிதம் எழுதினோம். நான்கு வரைவு.
'தயவுசெய்து' வேண்டுமா என்று ஒரு பீரியட் முழுக்க விவாதம்.
வேண்டாம் என்று இருபத்தெட்டு கைகள்.
நாற்பத்தொன்பது கையெழுத்து.

மார்ச்சில் பாய்லர் உயிர்த்தது.
அவரவர் அறைக்கு அவரவர் நாற்காலியைத் தூக்கிப் போனோம்.

ஏப்ரலில் பதில் வந்தது, நல்ல கனமான தாளில்.
பிரித்துப் படித்த யாரிட்சா
என்னைக் கேட்காமலே மேஜையிலிருந்து
சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"தங்கள் கடிதம் பெறப்பட்டது."